பெய்ஷென் கேட்காத பங்கு

அசனாலி குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே வந்தபோது புருல் அக்கா அடுப்பில் வரட்டியைத் திணித்துக்கொண்டிருந்தாள். அத்பாஷி வட்டாரப் போலீஸில் துப்பறிந்து ஓய்வுபெற்றவள். ஓய்வு என்பதெல்லாம் பேருக்குத்தான். ஆடு தொலைந்தாலும் ஆள் தொலைந்தாலும் பள்ளத்தாக்கே அவள் வாசலில்தான் வந்து நிற்கும்.

"மூஞ்சியே சரியில்லையே. முதல்ல டீயைக் குடி."

"டீ இறங்காதுக்கா. என் வில்லையைப் பிடுங்கப் போறாங்க."

நெஞ்சில் குத்தியிருந்த பித்தளை வில்லையை அவன் தொட்டுக் காட்டினான். வேட்டை வழிகாட்டிக்கு அதுதான் உயிர். அது போனால் மலையேறும் விருந்தாளி எவனும் அவனை நம்பிப் பின்னால் வரமாட்டான்.

"எவன் அவன்? பேரை மட்டும் சொல்லுங்கண்ணே!" என்று மூலையிலிருந்து துள்ளி எழுந்தான் சப்பார். அக்காவின் தம்பி. ஜீப் ஓட்டுவது அவன் வேலை, குற்றவாளியைப் பிடிப்பது அவன் ஆசை.

"உட்காருடா. அவனைப் பேச விடு," என்றாள் புருல் அக்கா.

அசனாலி சொன்னான். ஜெர்மனியிலிருந்து ஹோல்கர் என்று ஒருவர் மலைக்கிடா வேட்டைக்கு வந்திருந்தார். புறப்படுவதற்கு முந்தைய சாயங்காலம் இருவரும் அவருடைய துப்பாக்கியைப் பலகையில் சுட்டுச் சரிபார்த்தார்கள். குண்டுகள் எல்லாம் நடுவில், ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. பிறகு துப்பாக்கியைச் சேணக் கூடாரத்தில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சூடான இடத்தில் வைத்தால் குறிக்கண்ணாடியில் ஆவி படியும் என்பதால் முகாமில் துப்பாக்கிகளுக்கு எப்போதும் அங்கேதான் இடம். விடிகாலையில் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். மேலே போனபின் யாரும் சோதித்துச் சுடுவதில்லை. ஒரு சத்தம் போதும், கிடாக்கள் அடுத்த மலைக்கே போய்விடும்.

"இந்தா இருக்குது கிடா, நின்னு பாக்குது. கொம்பு முதுகு வரைக்கும் வளைஞ்சிருக்கு. நானே சுட்டிருக்கலாம், அவ்வளவு கிட்ட. அவர் சுட்டாரு, குண்டு வயித்துல போய் இறங்கிருச்சு. அது பாறைக்குள்ள இறங்கிப் போச்சுக்கா, ரத்தம் சொட்டச் சொட்ட. இருட்டிப் போச்சு, பனியும் பிடிச்சுக்கிச்சு. எங்கேயோ கிடந்து துடிக்குது பாவம்."

மறுநாளும் பனி விடவில்லை. மலைமேல் ராத்தங்கப் போட்ட கூடாரத்தைக் கலைத்துக்கொண்டு முகாமுக்கு இறங்கினார்கள். அசனாலி முன்னால், துண்டைக் கண் மட்டும் தெரியச் சுற்றிக்கொண்டு. பின்னால் சுமைக் குதிரை, அதன் முதுகில் கூடாரமும் தூக்கப்பைகளும் கம்பளத்தில் சுற்றிப் பெரிய மூட்டையாக. ஹோல்கர் வெகு தூரம் பின்தங்கி வந்தார்.

"மூட்டையைப் பார்த்துட்டு எல்லாரும் கறின்னு நெனச்சுட்டாங்க. சமையல்காரி குல்சுன் கரண்டியும் கையுமா ஓடி வர்றா, 'ஷிரல்கா! ஈரல் எனக்கு!'ன்னு. முதலாளி எசென்குல் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு 'ஷிரல்கா!'ங்கிறாரு. நான் எதைக் குடுப்பேன்?"

ஷிரல்கா என்றால் வேட்டைப் பங்கு. சுமையோடு இறங்கும் வேட்டைக்காரனைக் கண்டால் கேட்டே ஆக வேண்டும், கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் அது.

"பெய்ஷென் ஒருத்தன்தான் என் மானத்தைக் காப்பாத்தினான். கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு, 'எறங்குடா, சூப் சூடா இருக்கு'ன்னான், அவ்வளவுதான். கூடப் பொறந்தவன்கூட அப்படி இருக்க மாட்டான்."

பெய்ஷென் முகாமின் இரண்டாவது வழிகாட்டி. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அசனாலியின் மகனுக்குப் பெயர் வைத்ததே அவன்தான்.

"அப்புறம் முதலாளி அந்தத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தாரு. குண்டு பலகைக்கும் கீழே போகுது. குறிக்கண்ணாடியில குறியை ஏத்தி இறக்குற திருகை யாரோ திருப்பியிருக்காங்க. 'துப்பாக்கி உன் பொறுப்பு. திருப்பினவனைக் காட்டு, இல்லேன்னா நாளைக்கு வில்லையை வச்சிட்டு எறங்கு'ன்னுட்டாரு."

புருல் அக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "சப்பார், ஜீப்பை எடு."

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் நேராகச் சேணக் கூடாரத்துக்குள் போய்த் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, திருகின் மேலிருந்த சின்ன மூடியைக் கழற்றினாள். உட்புறத்தில் ஏதோ வெள்ளையாக உறைந்திருந்தது. விரலால் வழித்து முகர்ந்தாள்.

"ஆட்டுக் கொழுப்பு."

"பிடிச்சாச்சு!" என்று கத்தினான் சப்பார். "நாள் பூரா கொழுப்புல கையை வச்சிருக்கிறது யாரு? சமையல்காரி!"

குல்சுன் கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன்டா, என் கையில கொழுப்பு இருக்குன்னா உன் வாயில என்ன இருக்கு? அன்னைக்கு ராத்திரி எல்லாரும்தான் ஆட்டுக்கறி தின்னாங்க. நீ இங்கே இருந்திருந்தா முழங்கை வரைக்கும் நக்கியிருப்பே!"

"அவ சொல்றது சரி," என்றாள் புருல் அக்கா. "எல்லாரையும் கூப்பிடு."

சமையல் கூடாரத்தில் எல்லாரும் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். ஹோல்கர் கதவோரம் முறைத்துக்கொண்டிருந்தார். பெய்ஷென் வந்து அசனாலியின் பக்கத்தில் உட்கார்ந்து, "கவலைப்படாதே," என்று முழங்காலைத் தட்டினான். அசனாலிக்கு அது ஆறுதலாக இருந்தது.

"சாயங்காலம் குறி சரியா இருந்துச்சு. பலகையில ஓட்டைங்க சாட்சி," என்று தொடங்கினாள் புருல் அக்கா. "அப்புறம் நீங்க கறி சாப்பிட்டீங்க. விருந்தாளி எப்படிச் சாப்பிட்டாரு, குல்சுன்?"

"முள்கரண்டியிலதான். ஒரு துளி மேல பட்டாலும் துடைச்சுக்கிட்டே இருப்பாரு."

"அப்போ அவரில்லை. கையால சாப்பிட்டு, கையைச் சரியாக் கழுவாம, அவசரமாப் போய்த் திருப்பினது நம்ம ஆளு. அசனாலியா? தன் பொறுப்புல இருக்கிற துப்பாக்கியைத் தானே கெடுத்துக்கிட்டுத் தன் வில்லையை எவன் இழப்பான்? மிச்சம் மூணு பேர். குல்சுன், எசென்குல், பெய்ஷென்."

"என்னையுமா?" என்று சீறினார் எசென்குல்.

"உங்களையும்தான். கோவப்படாம கேளுங்க. திருகைக் கெடுத்தவனுக்கு மட்டும் ஒரு விஷயம் முன்னாடியே தெரியும், அந்தத் துப்பாக்கியில எதுவும் சாகாதுன்னு. மத்தவங்களுக்குத் தெரியாது. சுமையோட குதிரை இறங்குது. குல்சுன் என்ன பண்ணினா?"

"ஷிரல்கா கேட்டேன்."

"முதலாளி?"

"நானும் கேட்டேன். கேக்காம இருப்பாங்களா?"

"அதானே! கேக்காம இருப்பாங்களா?"

அசனாலி குனிந்து பார்த்தான். முழங்காலில் இன்னும் பெய்ஷென்னின் கை இருந்தது.

சப்பார் விடவில்லை. "பொய்யாக் கூட கேட்டிருக்கலாமேக்கா, நடிப்புக்கு?"

"கேட்டிருக்கலாம். அதனாலதான் கேட்டவங்களை நான் சட்டுனு நல்லவங்கன்னு சொல்லலை. கேக்காதவனைத்தான் முதல்ல கேக்கணும். பெய்ஷென், நீ ஏன்பா கேக்கலை?"

"அவன் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுதுக்கா," என்றான் பெய்ஷென் உடனே. "வாடிப் போயிருந்தான். கிடா தப்பிச்சிருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். எப்படிக் கேக்கறது?"

புருல் அக்கா அசனாலியைப் பார்த்தாள். அவன்தான் பேச வேண்டியிருந்தது.

"நான் மூஞ்சியில துண்டு சுத்தியிருந்தேன்டா," என்றான் மெல்ல. "சூப் குடிக்க உட்கார்ந்தப்புறம்தான் அவிழ்த்தேன். என் புருவத்துல கூட பனிதான் இருந்துச்சு. நீ எதைடா பார்த்தே?"

முழங்காலிலிருந்த கை விலகியது.

"உன் வேட்டை, உன் விருந்தாளி, உன் கிடா," என்றான் பெய்ஷென். "நான் எப்பவும் முகாம்ல நின்னு உன் கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். நீ இருக்கிற வரைக்கும் நான் ரெண்டாவது ஆளுதான். ஒரே ஒரு தடவை உனக்குக் குறி தப்பட்டும்னு நெனச்சேன். கிடாவுக்குக் காயம் படும்னு நெனக்கலைடா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே! வில்லையைக் கழட்டியே குடுத்திருப்பேனேடா, படுபாவி!"

அசனாலி அலறிய அலறலில் வெளியே கட்டியிருந்த குதிரைகள் மிரண்டன. சப்பார்கூடக் குற்றவாளியைப் பிடிக்கப் பாயவில்லை. எசென்குல் எழுந்து கூடாரக் கதவைத் தூக்கிப் பிடித்தார். பெய்ஷென் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான்.

மறுநாள் வானம் வெளுத்தது. அசனாலியும் ஹோல்கரும் பாறை பாறையாகத் தேடினார்கள். கிடா ஒரு குகை வாயில் படுத்திருந்தது. இன்னும் மூச்சு இருந்தது. அசனாலி பிஸ்மில்லா சொல்லி, கத்தியால் அதன் வேதனையை முடித்தான். ஹோல்கர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பிறகு அவனிடம் கை நீட்டி, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

சுமைக் குதிரையில் கறியும் கொம்பும் ஊருக்குள் வந்தன. வழியில் கண்டவர்களெல்லாம் கேட்டார்கள், அவன் வெட்டிக் கொடுத்தான். பெய்ஷென்னின் வீடு வந்தது. அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

அசனாலி குதிரையை நிறுத்தினான். எப்போதும்போல ஒரு முன்தொடையை அவனுக்கென்று எடுத்து வைத்திருந்தான். கை பழக்கத்தில் செய்துவிட்டது. கேட்டால் மறுக்க முடியாது. கேட்டுவிடுவானோ என்று பயமாக இருந்தது. கேளேன்டா, கேட்டுத் தொலையேன்டா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்தத் தடவை மூட்டையில் இருப்பது கறிதான் என்று ஊருக்கே தெரியும்.

பெய்ஷென்னின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தெருக்கோடியில் புருல் அக்கா நின்றிருந்தாள். அசனாலியின் முகத்தில் இன்று துண்டு இல்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஷிரல்கா, தம்பி!"

அசனாலி இறங்கி, அந்த முன்தொடையை அவள் கையில் வைத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று அழுதான்.