கார்த்திகை முடியமுன் ஒரு கார்

பின் சீற்றின் இடப்பக்கத்து பெல்ற்றை அதன் கடைசி முழம் வரைக்கும் இழுத்தபோது, அந்தக் கடைசி முழம் மட்டும் ஈரமாயிருந்தது.

வட்டுக்கோட்டையில், வயலோரத்து வீடொன்றின் முற்றத்தில், பிரணவன் காருக்குள் குனிந்தபடி அந்த ஈரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். வெள்ளத்தில் நின்ற காரென்றால் உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ற்றில் சேறு காய்ந்திருக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அவன் ஒவ்வொரு காரிலும் செய்து பார்த்து வந்தான். இங்கே சேறு இல்லை. மங்கலான ஒரு செம்மை இருந்தது. இளஞ்சூடு இருந்தது. மணந்து பார்த்தான்; இரும்பும் திரைந்த பாலும் கலந்த ஒரு வாடை. ஓரத்தில் எலி கடித்ததுபோல வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஆனால் எலி கடித்தால் நூல் பிய்ந்திருக்கும். இது சப்பினது போலிருந்தது, பல்லில்லாத ஏதோ ஒன்று.

கழுவினீர்களோ என்று கேட்டான். நேற்றுத்தான் கழுவினது என்றார் கார்ச் சொந்தக்காரர் இளையதம்பி. காரை விற்க நிற்கிற மனிதர் காருக்குக் கிட்டவே வரவில்லை. கிணற்றுக்கட்டோடு ஒட்டி நின்று, சாவியைக்கூடக் கையை எட்டி நீட்டித்தான் கொடுத்திருந்தார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் நுனியில்லாமல் மொட்டையாக இருந்தன. தண்ணீர் இறைக்கிற மெசினில் போயிருக்கும் என்று பிரணவன் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான்.

இணுவிலில் இரும்புக்கடை வைத்திருக்கும் பிரணவன், கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற ஆள். அவனோடு சந்தைக்குப் போவதைவிட உபவாசம் இருப்பது சுகம் என்பது மனைவி ஆரணியின் பகிடி. மாதக்கணக்காகக் கார் பார்த்தான். சுன்னாகத்தில் பார்த்தது அடிபட்டு நிமிர்த்தினது. கதவைத் தட்டினால் பூச்சு தடித்த சத்தம் கேட்டது. இன்னொன்று கியர் மாறும்போதெல்லாம் ஆளைத் தூக்கிப் போட்டது. சின்னக் கார்கள் ஆரணியின் வயிற்றுக்கு இடம் காணாது, புதியதை நினைத்தும் பார்க்கேலாது. கையிலிருந்த காசுக்கு, வழியில் நிற்காத, நாலு கதவுள்ள நடுத்தரக் கார் ஒன்று. அவ்வளவுதான் அவன் கேட்டது.

வழியில் நிற்காத என்பதை அவன் சும்மா சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழியில், நிறைமாதத்தில் ஆரணியை ஏற்றிக்கொண்டு போன ஓட்டோ வெள்ளத்துக்குள் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வயிற்றுக்குள்ளேயே முடிந்திருந்தது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, பிரணவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இப்போது மறுபடி வயிறு, மறுபடி மார்கழியில்தான் நாள். அந்த முறை தொட்டில் வாங்கியது மார்கழியில் என்பதை ஆரணி மறக்கவேயில்லை. மார்கழியில் ஒரு சாமானும் வாங்கக்கூடாது என்று ஊரே சொல்வதை மீறி வாங்கியதால்தான் பிள்ளை போனது என்று அவள் நம்பினாள். ஆகவே கார் கார்த்திகைக்குள் வந்தாக வேண்டும். கார்த்திகையோ முடிகிற கட்டத்தில் நின்றது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பூனை முனகுவதுபோல எழும்பியது. புகை இல்லை, அதிர்வு இல்லை. வயல்வெளி றோட்டில் ஓட்டிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமேயில்லை, அந்த ஈரத்தைத் தவிர. கத்தரிக்காயைத் தட்டிப் பார்க்கிற பிரணவன், வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான்.

அன்று பின்னேரம் மழை தூறத் தூறத் தனியே ஓட்டிக்கொண்டு வந்தான். வயல் தண்ணீரில் தவளைகள் கத்துவதும் ரயருக்கடியில் ஈர மண் நசிவதும் கண்ணாடித் துடைப்பான் இழுபடுவதும் ஒன்றோடொன்று கலந்து நித்திரையைக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெல்ற் பூட்டுகிற சத்தம். நடுக்கண்ணாடியில் பார்த்தான். ஆளில்லாத இடப்பக்கத்துச் சீற்றில் பெல்ற் பூட்டியிருந்தது. அது சீற்றோடு படிந்து கிடக்கவில்லை. நடுவில் வீங்கி நின்றது, யாரோ ஒருவரின் வயிற்றின் மேலால் போவதுபோல. காரை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்போது பெல்ற் தன் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தனக்குப் பயம் பிடித்திருக்கிறது என்று அவனுக்கு விளங்கியது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நிறைமாதக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது?

மறுநாள் கோயில் வாசலில் நாலு ரயருக்கும் எலுமிச்சங்காய் வைத்து நசித்தார்கள். ஆரணிக்கு வாயெல்லாம் சிரிப்பு. பின் சீற்றின் இடப்பக்கம்தான் வசதி என்று தானே போய் இருந்துகொண்டாள். இறங்கும்போது, பெல்ற் தன்னைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி இருந்தது என்றும், பிள்ளை துடிக்காமல் அமைதியாகக் கிடந்தது என்றும் சொன்னாள். அன்று குளித்துவிட்டு வந்தபோது அவள் வயிற்றுக்குக் குறுக்கே சாட்டையால் அடித்ததுபோல ஒரு சிவந்த பட்டை இருந்தது. அவளுக்கு அது நோகவில்லை. அவன் விரலை வைத்து அளந்து பார்த்தான்; பெல்ற்றின் அகலம்தான்.

அதற்குப் பிறகு அவள் காருக்குள் போய் இருக்கத் தொடங்கினாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், வீட்டு வாசலில் நிற்கிற காருக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. கேட்டால், உள்ளே இருந்தால்தான் பிள்ளை உதைக்காது என்பாள். ஒரு நாள் பிரணவன் கடையிலிருந்து நேரத்தோடு வந்து கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். அவள் வாயைத் திறந்து நித்திரையாகிக் கிடந்தாள். வயிற்றின் மேல் கிடந்த பெல்ற் அசைந்துகொண்டிருந்தது. இறுகியது. தளர்ந்தது. இறுகியது. அவளுடைய மூச்சுக்கு அல்ல, வேறொரு கணக்குக்கு. தண்ணீர் விழுங்குகிற தொண்டையைப்போல.

அவளை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, கொடுவாக்கத்தியோடு திரும்பி வந்தான். பெல்ற்றை முழுதாக இழுத்து வெளியே எடுத்து, இடக்கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அது வெளியே வருகிற கதவோரத் தூணை ஒட்டி வெட்டினான். முதல் வெட்டில் கத்தி ஆட்டிறைச்சியில் இறங்குவதுபோல மெத்தென்று இறங்கியது. இரத்தம் சீறி அவன் முகத்திலும் சேட்டிலும் அடித்தது. கொதிக்கிற இரத்தம். அவன் கையை எடுக்க நினைக்கமுன் பெல்ற் மணிக்கட்டைச் சுற்றி முறுக்கி உள்ளே சுழன்றது. அவன் கையைத் தூணிலிருந்த அந்தக் குறுகிய வெடிப்புக்கு இழுத்தது. விரல்கள் முட்டின. நெரிந்தன. நடுவிரல் நுனி எலும்போடு நொறுங்கியது. அவன் வெறிபிடித்தவன்போலக் கொத்தினான். பெல்ற்றைக் கொத்தினான், சீற்றைக் கொத்தினான், தன் கையையும் ஒரு முறை கொத்தினான். கடைசியில் அறுந்தது. அறுந்த முண்டம் தூணுக்குள்ளே ஓடி ஒளிந்தது. அவன் விரலின் நுனியையும் கொண்டு போனது.

அந்த நேரம் வீட்டுக்குள் ஆரணி வயிற்றைப் பொத்திக்கொண்டு அலறினாள். அவள் உடுப்பில் கொஞ்சம் இரத்தம் பட்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

கதவுக்குள் கை அகப்பட்டது என்று அவளுக்குப் பொய் சொன்னான். மருந்து கட்டிக்கொண்டு வந்து, இளையதம்பிக்குப் போன் எடுத்து, இதை உடனே திருப்பி எடுங்கோ என்று கத்தினான்.

"என்ரை மகளும் உந்தக் காரிலைதான் ஆஸ்பத்திரிக்குப் போனவ தம்பி," என்றார் கிழவர். "போற வழியிலை பிள்ளை பிறந்தது."

"பிறகு?"

"பிறந்தது. வீட்டை கொண்டுவரேல்லை."

அதோடு போன் நின்றது. பிறகு எப்போது எடுத்தாலும் வேலை செய்யவில்லை.

பிரணவன் அந்த வெடிப்புக்குள் பழந்துணியைத் திணித்து, மேலால் கறுப்பு ரேப் சுற்றி ஒட்டினான். காரின் பற்றரியைக் கழற்றி வைத்தான். தறப்பாளால் காரை மூடினான். அடுத்த ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருக்கும் யாகோப்புவிடம் போய், எந்த நேரம் கூப்பிட்டாலும் வரவேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டான். யாகோப்பு வாறன் என்றான். காரை விற்கவும் மனம் வரவில்லை. யாருடைய வயிற்றை அதில் ஏற்றுவது?

பிள்ளைக்குக் குறித்த நாள் வரமுன்னமே புயல் வந்தது. பின்னேரமே வானம் கறுத்து, வாழைகளை முறித்து, ஒழுங்கையை வாய்க்காலாக்கியது. கரன்ற் போனது. அந்த இருட்டில் ஆரணிக்கு வலி கண்டது, நாளுக்கு முந்தி, ஒரேயடியாக. யாகோப்புவின் ஓட்டோ சந்தித் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. அம்புலன்ஸ் சுற்றித்தான் வரவேணும், நேரம் பிடிக்கும் என்றார்கள். ஆரணி நிலத்தில் முழங்காலில் நின்று கதவுநிலையைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறான்.

"இஞ்சருங்கோ, கார் நிக்குதுதானே," என்றாள். "இந்தப் பிள்ளையையும் விடப்போறீங்களோ?"

அவன் தறப்பாளை இழுத்தெறிந்தான். பற்றரியைப் பூட்டினான். பின் கதவைத் திறந்து ரேப்பைத் தடவிப் பார்த்தான். ஒட்டினபடி இருந்தது. துணி இறுக்கமாக இருந்தது. முன்னுக்கு இரும் என்று கெஞ்சினான். அவளால் நிமிர்ந்து இருக்க முடியவில்லை. வலப்பக்கம் தலை வைத்துப் பின் சீற்றில் படுத்துக்கொண்டாள். கால்கள் இடப்பக்கம் இருந்தன.

சாவியைத் தொட்டதும் எஞ்சின் எழும்பியது. சந்தியில் லொறி ஒன்றும் இரண்டு வானும் பொனற் மட்டத் தண்ணீரில் செத்து நின்றன. கார் போனது. இருமவில்லை. திணறவில்லை. தண்ணீரைப் பிளந்துகொண்டு, அவசரத்தோடு, அவன் மிதிக்காத வேகத்தில் போனது. இவ்வளவு நம்பகமான காரை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. பின்னால் ஆரணி கத்தினாள். மழை அடித்தது. ஆரணி கத்தினாள். ஏதோ கிழிகிற சத்தம். ரேப். மெதுவாக. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெள்ளத்துக்குள் விழுவான். முருகா. ஸ்ரியறிங்கை இறுக்கினான். கட்டுப் போட்ட விரலிலிருந்து இரத்தம் வழிந்தது. ஆரணி ஒரு பெரிய சத்தம் போட்டாள். பிறகு சத்தமில்லை.

பிறகு, பிள்ளையின் அழுகை.

அவன் அழுதான். வாய்விட்டு அழுதபடியே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். வெளிச்சம். ஆட்கள் குடையோடு ஓடி வந்தார்கள். ஒரு தாதி பின் கதவைத் திறந்தாள். ஆரணி உயிரோடு இருந்தாள், முகம் வெளிறி, சிரித்தபடி. நெஞ்சின் மேல் பிள்ளை. பெண் பிள்ளை. தலை நிறைய மயிர். இரண்டு வருடமாக அவன் நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது.

தாதி ரோச் லைற்றைப் பிடித்து, பிள்ளையின் தொப்புள்கொடியைத் தடவிக்கொண்டு தாயின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். கை போகவில்லை. கொடி அந்தப் பக்கம் போகவில்லை. வெளிச்சம் அதைத் தொடர்ந்து மேலே ஏறியது. கொடி தட்டையாக இருந்தது. சாம்பல் நிறம். ஈரம். ஓரத்தில் நெசவு. துணி கீழே விழுந்து கிடந்தது. ரேப் கிழிந்து தொங்கியது. கொடி தூணின் வெடிப்புக்குள் போயிருந்தது.

தாதி கத்தரிக்கோலை வைத்து நெரித்தாள். பாதி வெட்டுப்பட்டது. இரத்தம் சீறிப் பிரணவனின் முகத்தில் அடித்தது. கொதிக்கிற இரத்தம். பிள்ளையின் உதடு அந்த நொடியே வெள்ளையாகியது.

"வெட்டாதேங்கோ மிஸ்," என்றான். "அது பிள்ளையின்ரை இரத்தம்."

டிக்.

கொடி, பல்சக்கரம் ஒரு பல் சுழன்றதுபோல, உள்ளே போனது. பிள்ளை ஆரணியின் நெஞ்சிலிருந்து கிளம்பியது. அவள் கால்களைப் பிடித்தாள். பிரணவன் கொடியை இரண்டு கையாலும் பிடித்தான். வழுக்கியது. கட்டு அவிழ்ந்தது. நகங்கள் பிய்ந்தன. டிக். இழுத்தால் பிள்ளையின் வயிறு கிழியும். விட்டால் போய்விடும். டிக். பிள்ளையின் முதுகு வளைந்து, சின்ன வயிறு தூணோடு போய் ஒட்டியது. வெடிப்பு இரண்டு விரல் அகலம்தான் இருக்கும்.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. தூணுக்குள்ளே வேறொரு பிள்ளை அழத் தொடங்கியது.