டிரெசர் பங்களாவின் சிமெண்டு மேடை

செவ்வாய்க்கிழமை காலை லோரி அந்தப் பழைய வீட்டின் முன்னால் நின்றபோது லோகேஸ்வரனுக்கு இறங்கவே மனம் வரவில்லை. மலேசியாவுக்கு வேலைக்கு வந்த மூன்று வருடத்துக் களைப்பு முழுவதும் முழங்காலில் இறங்கியிருந்தது. இந்த ஒரு வேலைதான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை பினாங்கிலிருந்து விமானம். ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கிப் பக்கத்தில் அப்பாவின் முதல் வருடத் திதி. அப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு போனதை, லூனாஸ் அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்த ஒரே மகன் அவன். திதிக்காவது நேரில் நிற்க வேண்டும்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டின் ஓரத்தில் தனியாக இருந்தது வீடு. தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கட்டிய டிரெசர் ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தாராம். இப்போது ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து வாத்தியார் சின்னத்துரையும் அவர் மனைவி ஜெயந்தினியும் வாங்கியிருந்தார்கள். ஜெயந்தினியம்மாவுக்கு மூட்டுவலி. மகன் ஒரு சவுனா வாங்கி அனுப்பியிருந்தான். பலகை பலகையாக வந்திருந்த சிறிய மர அறை அது. உள்ளே மின்சார அடுப்பு, அடுப்பின் மேல் கருங்கற்கள். கல் காய்ந்ததும் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பும். வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தால் வலி இறங்கும் என்றார்கள்.

வீட்டுக்குள் ஈரம் ஏறும் என்பதால் வெளியில்தான் வைக்கவேண்டும். அடுப்படிக்குப் பக்கத்தில் தளம் போடலாம் என்று காளிதாசன் கயிறு பிடித்தார். அவர்தான் முதலாளி, லூனாஸ்காரர். புதுச் சிமெண்டு காய எத்தனை நாள் என்று லோகேஸ்வரன் மெதுவாகக் கேட்டான்.

“ஒரு வாரமாச்சும் விடணும் லா. அவசரப்பட்டா வெடிச்சிரும்.”

ஒரு வாரம் என்றால் விமானம் போய்விடும். வேலை முடியாமல் காளிதாசன் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போடமாட்டார். லோகேஸ்வரன் புல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனான். முழங்கால் உயரப் புல்லுக்குள் கால் தட்டுப்பட்டது.

சிமெண்டு மேடை. எட்டடி நீளம், ஆறடி அகலம். பழசுதான், ஒரு விரிசல் இல்லை. நான்கு பக்கமிருந்தும் நடுவுக்குச் சரிந்து, நடுவில் தண்ணீர் போக ஒரு துளை.

இதற்கென்றே கட்டிவைத்த மாதிரி இருந்தது.

“நல்ல கண்ணுடா தம்பி உனக்கு,” என்று காளிதாசன் முதுகில் தட்டினார். கட்டை வைத்து மட்டம் பார்த்துவிட்டு, மிச்சத்தை நீயே முடி என்று வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மத்தியான வெயிலில் மேடையைத் துடைத்தான். குனிந்து திருகாணி எடுத்து நிமிர்வதற்குள் மறுபடி ஈரம். வெயில் மண்டையைப் பிளந்தது. மேடை மட்டும் இப்போதுதான் குடம் குடமாக ஊற்றியதுபோல நனைந்து, மெல்லிய ஓடையாய்த் துளைக்குள் வடிந்தது. கையை வைத்தான். கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்.

எங்கோ குழாய் கசிகிறது என்று சொல்லிக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சுவர் நின்றது, கூரை நின்றது. அடுப்பைப் போட்டுப் பார்த்தான். புதுப் பலகையின் வாசம் சூட்டோடு எழும்பியது. கல் காய்ந்ததும் கரண்டியால் தண்ணீர் ஊற்றினான்.

சீறிக்கொண்டு ஆவி வந்தது. அதில் பலகை வாசம் இல்லை.

சீயக்காய். நல்லெண்ணெய். அதற்கும் அடியில், ஆஸ்பத்திரி மருந்தின் நெடி.

கதவைத் திறந்துவிட்டான். ஆவி விலகியபோது, யாரும் உட்காராத பெஞ்சில் ஈரத் தடங்கள் தெரிந்தன. ஆட்கள் நெருக்கி உட்கார்ந்து எழுந்த தடங்கள். ஒன்று குழந்தையினுடையது.

காளிதாசனுக்குப் போன் போட்டான். அவர் நிதானமாகக் கேட்டார். மேடையை மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் பிரித்துப் புதுத் தளம் போட வேண்டும், இரண்டு வாரம் ஆகும், டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று திருப்பிக் கேட்டார். லோகேஸ்வரன் போனை வைத்துவிட்டுப் பெஞ்சைத் துடைத்தான்.

வியாழன் மத்தியானம் பிரேமாவதி அக்கா நாசி லெமாக் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சோற்றுப் பொட்டலம் விற்பவர். கொல்லை வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவர், சவுனாவைக் கண்டதும் நின்றுவிட்டார். பொட்டலத்தைக் கொய்யாமரக் கிளையில் மாட்டினார்.

“இங்கிட்டு வந்து வாங்கிக்க தம்பி. நான் அங்க வரல.”

ஏன் என்று கேட்டான். அவர் ஹெல்மெட் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“இந்த எடத்துலதான் எஸ்டேட் ஆஸ்பத்திரி. கட்டடத்த எப்பவோ இடிச்சிட்டாங்க. செத்தவங்கள லயத்து வீட்டுக்குக் குடுக்கறதுக்கு முந்தி அந்த மேடையிலதான் போட்டுக் குளிப்பாட்டுவாங்க. மழ பேஞ்சாலும் பச்சத்தண்ணிதான். எங்கம்மாவப் பெத்தவளையும் அதுலதான் போட்டாங்க.” மோட்டாரை உதைத்தார். “பெரியவங்க ரெண்டு பேரு இருக்கற வீடு. சொல்லிரு லா.”

சொல்லத்தான் நினைத்தான்.

சாயங்காலம் கடைசிச் சோதனை. கொல்லை வாசலில் காளிதாசன் விடுப்புத் தாளோடு சின்னத்துரையிடம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வெப்பமானி எழுபதைக் காட்டியது. லோகேஸ்வரன் கதவைத் திறந்துவைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு நிமிடம்தான். முதுகெல்லாம் சூடு இறங்கியதும் கண் தானாக மூடியது. மூன்று வருடத்தில் அப்படி ஒரு ஓய்வு அவனுக்குக் கிடைத்ததில்லை.

பெஞ்சு கிரீச்சென்றது.

வலது தோளில் குளிர் பட்டது. பிறகு இடது தோளில்.

கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் வெள்ளிக்கிழமை இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் நனைந்த துணி உரசியது. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். பகலெல்லாம் தோட்டத்து வேலைக்காட்டில் நின்றவர்கள், உட்கார இடம் கிடைத்ததும் விடும் மூச்சு.

காதருகே ஒரு பெண்குரல். பயமுறுத்தும் குரல் இல்லை. களைத்துப்போன குரல்.

“கதவச் சாத்துப்பா. குளுருது.”

எழுந்தான். வெளியே வந்து, அவள் சொன்னபடியே கதவைச் சாத்தினான்.

அது கொக்கியோ தாழ்ப்பாளோ இல்லாத கதவு. உள்ளேயிருப்பவர் தள்ளினால் திறந்துகொள்ளும்.

ஜெயந்தினியம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு படி இறங்கி வந்தார். அவர் முகத்தில் சின்னப்பிள்ளையின் ஆசை. விடிந்ததும் முதல் வேலையாக உட்காரப் போவதாகச் சொன்னார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

“எல்லாம் சரியோ தம்பி? பயப்பிட ஒண்டும் இல்லைத்தானே?”

காளிதாசன் தாளைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார். லோகேஸ்வரன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“எல்லாம் சரிங்கம்மா.”

காளிதாசன் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு விமான நிலையத்தில் வரிசை நகர ஆரம்பித்தது. கைப்பேசி அதிர்ந்தது. குரல்செய்தி, சின்னத்துரை வாத்தியாரிடமிருந்து. காதில் வைத்தான்.

“தம்பி, மிஸிஸ் விடிய ஆறு மணிக்கு உள்ள போனவ. இன்னும் வெளியில வரேல்லை. நான் மெயின் சுவிட்சையே நிப்பாட்டிப் போட்டன். கதவை இழுத்துப் பாத்தன், வருகுதில்லை. உள்ளுக்கிருந்து ஆரோ பிடிச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு. கூப்பிட்டா, இவையளுக்கு இன்னும் குளிர் விடேல்லை, விட்டதும் வாறன் எண்டு சொல்லுறா.”

குரல் தாழ்ந்தது.

“உள்ளுக்கு ஆர் தம்பி?”

முன்னால் நின்றவர் நகர்ந்தார். சீருடைப் பெண் டிக்கெட்டுக்காகக் கையை நீட்டினாள். லோகேஸ்வரனுக்குப் பின்னால் நின்றவர் லேசாக இருமினார்.

அவன் டிக்கெட்டைக் கொடுத்தான்.

கண்ணாடி வழியில் நடந்தபோது கைப்பேசி இன்னும் காதிலேயே இருந்தது. செய்தி முடிந்திருக்கவில்லை. வாத்தியார் அதைக் கதவருகே பிடித்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத அந்த அறைக்குள், காய்ந்த கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது.

அப்புறம் மூச்சுகள். ஒருவர் விட்டதும் அடுத்தவர், வரிசையாக, ஆண்களும் பெண்களும், ஒரு குழந்தையும். இறக்கி வைத்தாயிற்று என்பதுபோன்ற பெருமூச்சுகள்.

கடைசியாக வந்தது ஜெயந்தினியம்மாவின் மூச்சு.