துப்பட்டாவின் ஒரு முனை

"...ராத்திரி ஃபுல்லா நடந்துகினே கீதும்மா. ஹாலு, பாத்ரூமு, ஹாலு, பாத்ரூமு. கீழ நாங்க மன்சனுங்க இல்லியா?"

"நேத்தா?" என்றாள் டெபோரா.

"நேத்துதான். உம் பொண்ணுக்கு மாத்திரையாவது குட்த்து படுக்க வெய்யி."

கீழ்வீட்டு ரமாபாய் பால் பாக்கெட்டோடு போய்விட்டாள். டெபோரா படியிலேயே நின்றாள். நேற்று ராத்திரிதான் மகள் சினேகா முழுசாகத் தூங்கியிருந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் முறை.

சினேகாவுக்குப் பேச்சு வராது. இரவு என்பதும் புரியாது. ஒருமுறை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றாள். அன்றிலிருந்து துப்பட்டாவின் ஒரு முனை அவள் மணிக்கட்டில், மறுமுனை டெபோராவின் மணிக்கட்டில். அவள் எழுந்தால் இழுக்கும். நேற்று இழுக்கவே இல்லை. விடிந்தபோது இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன.

"இன்னிக்கு ஒரு நாளு நீ அவ கூட படு" என்றாள் டெபோரா, புருஷன் பிராங்கிளினிடம்.

"காலைல ஹார்பர்ல ஷிஃப்டு கீதுடி. பேஜாரு பண்ணாத." காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவைச் சாத்தினான்.

மாமியார் ஜெபம் பண்ணச் சொன்னாள். டாக்டர் நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார். அப்போது பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டதற்கு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நீ தூங்கு, நான் பாத்துக்குறேன் என்று ஒரு நாய்கூடச் சொன்னதில்லை. முந்தாநாள் ராத்திரி அந்த ஆத்திரத்தில்தான் தலையணையைச் சுவரில் அறைந்து, இருட்டைப் பார்த்துக் கத்தினாள்: "எவனாவது வந்து பாத்துக்கோங்களேன்டா!"

இன்று ராத்திரியும் லாரிகள் போகப் போக ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் சுவரில் ஏறி, சிலுவையைத் தொட்டு, கூரையில் மடிந்து விழுந்தது. ஆலைப்பக்கமிருந்து வந்த கடல்காற்றில் அழுகிய முட்டை நாற்றம் ஈரமாக ஒட்டியிருந்தது. அதற்கெல்லாம் அடியில், மெதுவாக, வெறுங்கால்கள் நடந்தன. நுனிக்காலில். திரும்பும்போதெல்லாம் சுவரில் ஒரு தட்டு. சினேகாவின் நடை அது.

சினேகா டெபோராவின் கையில் எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றாள். உள்ளறையில் குறட்டை. அந்தக் குறட்டையைக் கழுத்தோடு நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

நடை நின்றது.

துப்பட்டா அசைந்தது. நடுவில் யாரோ தூக்கிப் பிடித்ததுபோல் மேலே எழும்பியது.

குளிர்ந்த விரல்கள். அவள் மணிக்கட்டில். முடிச்சைத் தேடின. அவசரமே இல்லாமல்.

கத்த வேண்டும். இமைகள் இறங்கின. பதினோரு வருஷத் தூக்கம்.

லாரி வெளிச்சம் ஏறியது. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி குனிந்திருந்தாள். டெபோராவின் நைட்டி. அவளுடைய கலைந்த தலை. முகத்தில் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"நீ தூங்கு" என்றது, டெபோராவின் குரலிலேயே. "நான் பாத்துக்குறேன். உன் முனைய மட்டும் என் கையில குடு."