ஆன்மேரிக்குக் கேட்காத குரல்

போன் திரையில் தெரிந்த வெள்ளை மீசைக்காரர் ஆன்மேரியைப் பார்க்கவில்லை. காதைத் திரையோரம் கொண்டுவந்து, அவள் இருந்த அறையிலிருந்து வந்த எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எதுவும் பேசியிருக்கவில்லை. ஃபேன் சத்தமாக இருக்கும் என்று எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தாள். அவர் காதை எடுக்கவில்லை.

சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சல் ஆன்மேரியின் காதுகளை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே தமிழை ஒரு சொல் பிசகாமல் படித்துவிடுவாள். பசுமலையில் அவள் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், இவளுக்குக் காது கேட்காது என்பதையே தாமதமாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஊர் பேர் தெரியாதவர்களோடு வீடியோவில் பேசும் அந்தத் தளத்தைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து மேஜை ஜாய்ஸ். “வாயே தொறக்க வேணாம்க்கா. கையை ஆட்டு, சிரி. பிடிக்கலையா, தள்ளிவிட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. உலகமே வரிசையா வரும்.”

கணவன் ஆன்றோ பரீட்சைத்தாள் திருத்தத் திண்டுக்கல் போயிருந்தான். பழங்காநத்தத்து மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பொழுது போகாமல்தான் அதைத் திறந்தாள். முதலில் முகம் காட்டாத ஆம்பளைகள் சிலர் வந்தார்கள். வந்த வேகத்தில் தள்ளிவிட்டாள். பிறகு வந்தவர்கள் பரவாயில்லை. ஒருத்தி தன் பூனையைத் தூக்கிக் காட்டினாள். ஒருவன் ஜன்னல் வழியே கடலைக் காட்டினான். அவர்கள் உதடுகளைப் படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எந்த பாஷையோ, என்னவோ. வாரம் முழுக்க மற்றவர் வாயையே பார்த்துக் களைத்த கண்ணுக்கு அது பெரிய ஓய்வாக இருந்தது.

மீசைக்காரர் நிமிர்ந்தார். புரியாத பாட்டின் முதல் அடியைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பவர் போல உதட்டை மெல்ல அசைத்தார்.

மே... ரி.

தளத்தில் அவள் பெயரைப் போடவே இல்லை. கட்டைவிரல் தானாகத் தள்ளிவிட்டது.

அடுத்து பல்லில் கம்பி போட்ட ஒரு சிறுமி. கையை ஆட்டிச் சிரித்தவள் பாதியில் நின்றாள். தலையைச் சாய்த்தாள். அவளும் கேட்டதைத் திருப்பிச் சொன்னாள். செம்பட்டை முடியும் நீலக் கண்ணுமாக இருந்த அந்த முகத்தில், கொஞ்சம் கோணலாக, ஆனால் சந்தேகமே இல்லாத தமிழ்.

இங்... க... பா... ரு.

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. உங்கள் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்களே, யார்?

‘டிவி’ என்று பதில் எழுதிவிட்டு ஆன்மேரி டிவியைப் பார்த்தாள். அதன் சுவிட்ச் அணைந்திருந்தது.

போனை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கோடை மழைக்கு வானம் கட்டிக்கொண்டு நின்றது. மஞ்சளும் கறுப்புமான ஒரு வெளிச்சம் தெருவின் மேல் பழைய எண்ணெய் போலப் படிந்திருக்க, முனை பரோட்டாக் கடையிலிருந்து சால்னா வாசமும் எங்கோ பெய்த மழையின் மண்வாசமும் ஒன்றாகக் கலந்து படியேறி வந்தன. கீழ்வீட்டு ஜெயக்கொடி அக்கா சோழவந்தானில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். வாசலில் பூட்டு தொங்கியது. உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். சத்தம் இருந்தால் சுவர் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் அனுபவம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலும் உள்ளங்கைக்குத் தெரியும். ஒவ்வொரு சுவராகக் கையை வைத்துப் பார்த்தாள். மெயின் ரோட்டில் பஸ் போகும் மெல்லிய அதிர்வு மட்டும் பாதத்தில் வந்து போனது. சுவர்கள் பேசவில்லை.

பேசியது சுவருக்கு இந்தப் பக்கம்.

சிறுமி போயிருந்தாள். திரையில், ஹெட்போன் மாட்டிய தடித்த இளைஞன் ஒருவன். முதலில் சலிப்பாக இருந்த முகம் மெல்ல இறுகியது. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பிறகு சட்டென்று கழற்றி மேஜையில் போட்டான்.

உங்களுக்கு இது கேட்கவில்லையா?

எனக்குக் காது கேட்காது, என்று எழுதினாள்.

அவன் அதை வாசித்தான். வாய் திறந்தபடி இருந்தது. எழுதினான்: வீட்டைவிட்டு உடனே வெளியே போங்கள்.

திரை இருண்டது.

ஆன்றோவுக்கு வீடியோ கால் போட்டாள். லாட்ஜ் கட்டிலில் துண்டோடு உட்கார்ந்திருந்தான்.

“என்னங்க, இங்க ஏதாச்சும் சத்தம் கேக்குதா?”

“நீ பேசுறதுதான் கேக்குது. இரு...” அவன் உதடுகள் நின்றன. “வீட்டுக்கு யாரு வந்திருக்கா?”

“யாரும் வரல.”

“ஒரு பொம்பளை பேசுறா மேரி. உன் பக்கத்துலயே.”

“என்ன பேசுறா?”

தலையை ஆட்டினான். “ஒண்ணுமில்ல. கதவைத் தொறந்து கீழ எறங்கிப் போ.”

“அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம.”

அவன் கண் கலங்கியது. சொன்னான். அவள் படித்தாள்.

“‘இவளுக்குக் கேக்காதாமே. அப்ப நீ சொல்லு. இந்த வீட்டுக்கு இவ வந்த நாள்லருந்து கூப்பிடுறேன். அடுப்படியில நின்னு கூப்பிட்டேன். படுத்திருக்கப்ப காதுக்குள்ள கூப்பிட்டேன். ஒரு தடவையாச்சும் திரும்புனாளா? எம்புட்டுத் திமிருன்னு நெனச்சேன்.’”

“எப்படிங்க? உங்களுக்கு ஒருநாளும் கேட்டதில்லையே?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். நிறுத்தினான். கேட்டான். திருப்பிச் சொன்னான்.

“‘நீ இருந்தா நான் வாயைத் தொறக்குறதில்ல.’”

ஆன்மேரி எழ முயன்றாள். வலது காதின் மடலில் ஏதோ பட்டது. காற்று. ஃபேனை அவள்தான் நிறுத்தியிருந்தாள். ஜன்னல் மூடியிருந்தது. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்த வாசம். மறுபடி. சின்னச் சின்னதாக. விட்டு விட்டு. பேசும்போது வாயிலிருந்து வருமே, அந்தக் காற்று.

அவள் முகத்துக்குப் பின்னால் வெறும் சுவர்தான் போனில் தெரிந்தது.

ஆன்றோவின் உதடுகள் அசைந்தன. அதே தாளத்தில் காதில் காற்று.

“‘கேக்காட்டி... என்ன. வாயைப்... பாத்தா... புரிஞ்சுக்கிடுவால்ல.’”

தாடைக்குக் கீழே விரல்கள். ஈரமானவை. வலிக்காமல்தான் பிடித்தன. காது கேட்காத பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பெரியவர்கள் பிடிப்பார்களே, அப்படி. முகம் மெல்லத் திரும்பியது. கடைசியாகக் கடைக்கண்ணில் ஆன்றோ தெரிந்தான். போனை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

கண்ண மூடிக்க மேரி. தொறக்காத.

இறுக மூடினாள்.

காற்று இப்போது நேராக முகத்தில் அடித்தது. சின்னச் சின்னதாக. பொறுமையாக. ஒரே சொல்லை மறுபடி மறுபடி.

பிறகு அது நின்றது.

குளிர்ந்த கட்டைவிரல் ஒன்று அவள் இமையின் மேல் வந்து அமர்ந்து, நோகாமல், மேலே தள்ளத் தொடங்கியது.