பால்வண்ணநாதனின் குரல்

எண்ணெய் தேய்க்க வந்தவரின் தோள்பட்டையை மாடன் கட்டைவிரலால் அழுத்தும்போதெல்லாம் மூலையில் இருந்த ரேடியோ லேசாக முனகியது. பேசிக்கொண்டிருந்த குரல் அந்த ஒரு கணம் வலியில் பல்லைக் கடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் குழந்தைகளிடம் பேச்சைத் தொடர்ந்தது. சாரல் ஈரத்தில் ரேடியோவுக்கு ஏதோ கோளாறு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிப் பத்து நாளாகிவிட்டது. மாலை நாலு மணிக்கே விடுதி அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. நல்லெண்ணெய் வாடையும், ஈரச்சுவரின் பூஞ்சை வாடையும், அருவியின் ஓயாத இரைச்சலும் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. எண்ணெய் ஊறும் உடம்பில் காற்றுப் பட்டால் சளி கட்டும். அதனால் தேய்த்து முடியும்வரை கதவைத் தாழிட்டு வைப்பது அவன் தொழில் வழக்கம். பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தவர் பால்வண்ணநாதன். ஞாயிறுதோறும் ரேடியோவில் பேசுகிற அதே பால்வண்ணநாதன்தான். இன்றைக்கு ஒலிபரப்பாவது முன்பே பதிந்து வைத்த பேச்சு என்று அவரே சொல்லியிருந்தார்.

ஆறு வருஷமாகப் பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் மகளோடு உட்கார்ந்து மாடன் கேட்ட குரல் அது. அவர் ஒரு வரி சொல்வார், கேட்கிற பிள்ளைகள் திரும்பச் சொல்ல வேண்டும். அவன் மகள் குருவம்மாள் அப்படித்தான் தமிழைத் திருத்தமாகப் பேசப் பழகினாள், அந்த ஆசையில் வாசிக்கவும் கற்றாள். மனிதரில் மேலேது கீழேது என்று அந்தக் குரல் கேட்ட நாளில் மாடன் வெட்கமில்லாமல் அழுதிருக்கிறான். இன்று மகளையும் விடுதிக்கு வரச் சொல்லியிருந்தான், தூரத்தில் நின்றாவது அவரைக் கும்பிட்டுக்கொள்ளட்டும் என்று.

மகள் வருவதை அவரிடம் சொன்னான். உங்க குரலக் கேட்டுத்தான் ஐயா எம்புள்ள வாசிக்குது, என்றான்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "அதுகளுக்கு எதுக்குலே எழுத்து?" என்றார்.

பிறகு மாடனின் சாதியை ஊரார் ஏசுகிற அந்தச் சொல்லைச் சொல்லி, உன் பிள்ளையை வாசலில் நிறுத்தாதே, தண்ணீர்ப் பானையைத் தொட்டுவிடும் என்றார். கோபமே இல்லை, குழம்பில் உப்புக் குறைவு என்பதுபோல் சொன்னார். தன் முதுகில் இருந்த மாடனின் கை அவருக்குத் தீட்டாகப் படவில்லை போலும்! அந்தச் சொல்லை எத்தனையோ வாயில் கேட்டுப் பழகியவன்தான். இந்த வாயில் கேட்போம் என்று நினைத்ததில்லை. ஆறு வருஷம் ஏமாந்தேனே என்று வெந்து போனான். ஆனால் தொழில் பழகிய கை நிற்காமல் கழுத்துக்கு ஏறியது.

ரேடியோ முனகியது. இந்த முறை நீளமாக.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ரேடியோ மட்டும் பேசியது. "குழந்தைகளே" என்றது, அதே தேன் குரலில். அடுத்து அந்தச் சொல்லைச் சொன்னது. ஒவ்வோர் எழுத்தாக, அழகாக.

மாடன் கையை எடுத்தான். தோள் சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சில்லை.

என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பெரிய மனிதர். தாழிட்ட அறை. கழுத்தில் இவன் விரல் தடம். யார் நம்புவார்கள்?

ரேடியோ வயரைப் பிடுங்கினான். அதன் சின்ன விளக்கு அணைந்தது. குரல் நிற்கவில்லை.

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தான். எண்ணெய்க் கை வழுக்கியது. வேட்டியில் துடைத்தான். வேட்டியும் எண்ணெய். ஈரத்தில் ஊதிய கதவு தாழைக் கவ்விக்கொண்டிருந்தது.

வெளியே படியில் சின்னக் காலடி.

"யப்பா," என்றாள் குருவம்மாள், கதவருகே வந்து. "ஐயா பேசுதாவ. எனக்குக் கேக்குது."

ஓடிப்போ தாயி என்று கத்தினான். கதவில் அடித்தான். அவன் சத்தத்துக்கு மேல் ரேடியோ எழும்பியது.

"குருவம்மாள்," என்றது, பேர் சொல்லி. "எங்கே, திரும்பச் சொல்லு பார்ப்போம்."

அந்தச் சொல்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தயங்கினாள். அவளுக்கும் அது என்ன சொல் என்று தெரியும். சொல்லாதே, சொல்லாதே என்று மாடன் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டான். ஆறு வருஷமாக அந்தக் குரல் திரும்பச் சொல்லச் சொன்னதை அவள் ஒரு தடவையும் சொல்லாமல் விட்டதில்லை.

சொன்னாள்.

ரேடியோ அடங்கியது. கதவுக்கு வெளியே, பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து, பால்வண்ணநாதனின் குரல் அந்தச் சொல்லால் மாடனைக் கூப்பிட்டு, கதவைத் திறக்கச் சொன்னது.