கண்ணாடிக்கு உட்பக்கம்

கண்ணாடியில் யாரோ வாயை வைத்து ஊதியது போல ஓர் ஈரவட்டம். மகா துப்பட்டாவால் துடைத்தாள். போகவில்லை. அது உட்பக்கம் இருந்தது.

பெட்டி காய்ந்து கிடந்தது. ஆள் நிற்கும் அளவுக் கண்ணாடிப் பெட்டி. மேலே, திரவ மருந்தை மூச்சோடு இழுக்கும் பனியாக்கித் தெளிக்கும் கருவி. ஆராய்ச்சிக் கூடங்களுக்காக பீன்யா தொழிற்பேட்டையின் இந்த ஷெட்டில் உட்கார்ந்து அவள் வடிவமைத்தது. துளிகள் நுரையீரலின் அடிவரை போகும். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

போன வாரம் உதவியாள் ஆம்ப்ரோஸ் அதற்குள்தான் செத்தார். கதவு திறந்திருந்தால் கருவி ஓடக்கூடாது என்று அவள் ஒரு சுவிட்ச் வைத்திருந்தாள். சோதனை பாதியில் நிற்கிறதென்று முதலாளி சுதீர் கதவு திறந்தாலும் கருவி ஓடும்படி அதன் முனைகளை ஒரு துண்டு ஒயரால் முறுக்கிவிட்டான். கருவியில் கிருமிநாசினி ஊற்றியிருந்த நாளில், ஆம்ப்ரோஸ் உள்ளே துடைத்துக்கொண்டிருக்கும்போதே கருவி ஓடியது. ஹார்ட் ப்ராப்ளம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான் சுதீர்.

நாளை இதை வாங்குகிறவர்கள் வருகிறார்கள். இன்னொருவர் உள்ளே போவார். அதனால்தான் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகும் இருந்தாள். கருவியின் ப்ளக்கைப் பிடுங்கிக் குர்த்தா பையில் திணித்துக்கொண்டு, அந்தத் துண்டு ஒயரை வெட்டி எறிந்தாள்.

"மகா, சுவிட்ச் கிட்ச்னு ஆரம்பிக்காதே," என்றான் பின்னால் வந்து நின்ற சுதீர். "நாளைக்கு டெமோ நடுவுல நின்னா யார் பதில் சொல்றது?"

"ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு யார் பதில் சொன்னாங்க சார்?"

அவன் போனைப் பார்த்தான்.

பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்தினாள். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் ஆம்ப்ரோஸ் செய்வது அது. கதவிடுக்கில் பிடித்தால், காற்று கசியும் இடத்தில் புகை வளையும். சந்தன வாசனையோடு மெல்லக் கிருமிநாசினி நெடியும் கிளம்பியது. புகை இடுக்குக்குள் போனது. நின்றது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே.

ஈரவட்டமும் சுருங்கி விரிந்தது.

"சார், அங்க பாருங்க."

"அழுக்கு அது. துடைக்கக்கூட ஆள் இல்ல இப்போ," என்று துணியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே போனான் சுதீர்.

கதவு சாத்திக்கொண்டது.

மேலே கருவி முனகியது. வெள்ளையாகப் பனி இறங்கியது. அவன் தலை மறைந்தது. தோள் மறைந்தது. இருமல். கண்ணாடியில் உள்ளங்கை அறைந்தது.

அவள் கை கைப்பிடியில் இருந்தது. ஒரு மூச்சு நேரம் இழுக்கவில்லை. ஹார்ட் ப்ராப்ளம். அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்குள் கோபம் மட்டுமே இருந்தது. பிறகு இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். வரவில்லை.

"ப்ளக்கைப் பிடுங்கு! மகா! ப்ளக்!"

பையில் கையை விட்டாள். ப்ளக் அங்கேயே இருந்தது. எடுத்து அவனுக்குத் தெரியும்படி கண்ணாடியருகே தூக்கிக் காட்டினாள்.

உள்ளே இப்போது இரண்டு ஈரவட்டங்கள். ஒன்று துடித்தது. சிறுத்தது. காணாமல் போனது.

மற்றது, நிதானமாக, அவள் முகத்துக்கு நேராக விரிந்தது.