இரட்டைவால் மதில்

"ஏலே! யாருலே அது மதில் மேல? இறங்குலே கீழ!"

கல்யாணசுந்தரி குடையை மடக்கிக் கம்பாகப் பிடித்துக்கொண்டாள். ஆனி மாதச் சாரல் பூவாய்த் தூவிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்துப் பழைய மதிலின் உச்சியில், நனைந்த சட்டையோடு ஒருவன் குந்தியிருந்தான். தேங்காய்த் திருடன்தான்... வேறு யார் வருவார்கள் இந்த மதிலுக்கு?

திருடன் திரும்பினான். மூக்குக்கண்ணாடி... கையில் கரித்துண்டு... கண்ணாடிக்குள் மிரண்டுபோன இரண்டு பெரிய கண்கள்.

"திருடன் இல்லை... நான் வாத்தியார்."

"வாத்தியாருக்கு மதில் மேல என்ன பாடம்?"

அவன் இறங்கிய அழகில் பாதி வழுக்கல். சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துத்தான் எத்தனை நாளாயிற்று...

பெயர் தாணு. நாகர்கோவில்காரன், மதுரையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவன். ஏதோ ஒரு பழைய ஓவியச் சுவடியில் கோட்டைப் படம் பார்த்தானாம். மதில் உச்சியில் பல்வரிசை மாதிரி நிற்குமே ஞாயில், அந்தப் படத்தில் ஒவ்வொரு ஞாயிலும் நடுவே பிளந்து, இரட்டைவால் குருவியின் வாலைப்போல் இருந்ததாம். அன்று பிடித்த பைத்தியம். சிவகிரி, ராயகிரி என்று இடிந்த கோட்டையெல்லாம் அலைந்தவன், இன்று தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். மேலகரம் தாண்டியதும் தென்னைகளுக்கு நடுவே இதைப் பார்த்துக் கத்திவிட்டான். பயந்துபோன கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிட்டார்.

"சுவடியில பாத்தது நிஜமாவே நிக்கிறது இங்கன மட்டும்தான்!"

"நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கீக. நாளைக்கு இதை இடிக்க ஆள் வருது."

அவன் முகம் செத்துப்போயிற்று. "இடிக்கவா? விடமாட்டேன். மெட்ராசுக்கு ஒரு தந்தி அடிச்சா சர்க்கார்ல தடுத்திருவாங்க!"

"அடிங்க." அவள் குடைக்கம்பைத் தரையில் ஊன்றினாள். "உங்களுக்கு இது குருவி வால். ஊருக்கு இது பிளந்த மதில். இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா, எடுத்த குடும்பம் பிளந்துருமாம். பொண்ணு பாக்க வந்தவுக எல்லாம் கைகழுவக் கொல்லைக்கு வாராக, அண்ணாந்து பாக்காக, காப்பி கூடக் குடிக்காம போறாக. இலஞ்சிக்காரவுக ஜாதகமெல்லாம் பொருந்தி வந்தவுக... அவுகளும் போயிட்டாக. எனக்கு இருபத்தெட்டு ஆவுது சார். கல்யாணசுந்தரின்னு பேருல மட்டுந்தான் கல்யாணம்."

ஈரக் காற்றில் ஓலைகள் சலசலத்தன. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"அந்தப் பிளவு எதுக்குத் தெரியுமா?" என்றான் பிறகு, மெதுவாக. "ஒளிஞ்சு நின்னு குறி பாக்கத்தான்."

"நல்லாத்தான் பாத்திருக்கு குறி. நான்லா ஆப்புட்டேன்!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இருட்டுறதுக்குள்ள ஒரு படி எடுத்துக்கிடட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

மண் மேடிட்டு மதில் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்ட மூலையில், ஞாயில் மேல் தாளைப் பொத்திக் கரியால் தேய்த்தான். செங்கல்லும் பிளவும் கறுப்பாய் எழும்பி வந்தன. தாள் நனையாமல் அவள் குடை பிடித்தாள். இரண்டு பேரும் நனைந்தார்கள். இந்த மதில் பக்கத்தில் இவ்வளவு நேரம் யாரும் நின்றதில்லை... நிற்கிறான், ஆனால் மதிலுக்காக. ஒரே ஒரு தடவை நிமிர்ந்தான். கண்கள் சந்தித்தன... கரி நின்றது. மறுபடி குனிந்துகொண்டான். செங்கல்லைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தந்தி அடிக்கமாட்டேன்" என்றான் புறப்படும்போது. "இடிக்கட்டும்."

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ரோஷம் வந்தது. "வந்த வேலை முடிஞ்சிட்டுல்லா? பஸ் போயிரும்... போயிட்டு வாங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் கொத்தனார் மாடக்கண்ணு ஆட்களோடு வந்து கடப்பாரை போட்டான். ஒரே ஒரு ஞாயில் மட்டும் உடையாமல் முழுசாக உருண்டு விழுந்தது. அண்ணன் சிவசைலம் பார்க்காத நேரம் சுந்தரி அதை ஓலை போட்டு மூடினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

மதில் போனதும் அடுக்களை ஜன்னலில் மலை தெரிந்தது. மேகம் விலகினால் வெள்ளைக் கோடாக அருவியும் தெரிந்தது. வீட்டுக்கு என்ன வெளிச்சம் என்றது ஊர். அவளுக்கோ வீடு முன்னைவிட வெறிச்சென்று கிடந்தது. சாலையில் பஸ் விசில் கேட்கும்போதெல்லாம் தோசைக்கரண்டி அந்தரத்தில் நின்றது. மதிலைப் பார்க்க வந்தவன், மதில் இல்லாத வீட்டுக்கு எதற்கு வருவான், பைத்தியக்காரி...

ஆடி பிறந்ததும் இலஞ்சிக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள்: வெள்ளிக்கிழமை மறுபடி பெண் பார்க்க வருகிறார்களாம்.

"பாத்தியா ஏட்டி! மதில் போச்சு, மாப்பிள்ளை வந்தாச்சு!" அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் வேண்டாமென்றது மதிலைப் பார்த்து. வேண்டுமென்பதும் மதில் போனதைப் பார்த்து. இதில் நான் எங்கே இருக்கிறேன்? கேட்க ஆளில்லை. தலையணைதான் கேட்டுக்கொண்டது.

வியாழக்கிழமை சாரல் வலுத்தது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். விசில்... பஸ் நின்றது. மதில் நின்ற இடத்து வழியாக, குடையில்லாமல், தாணு வந்துகொண்டிருந்தான்.

காற்றில் ஓலை பறந்துபோயிருந்தது. நடுவழியில் அந்த ஞாயில் நனைந்து, செக்கச் செவேலென்று கிடந்தது. இதோ பார்க்கப் போகிறான்... அப்படியே உட்கார்ந்து தாளை விரிக்கப் போகிறான்...

'ணங்'கென்று கால்விரல் அதில் இடித்தது. தடுமாறினான், கண்ணாடி சரிந்தது. கண்கள் மட்டும் அவளைவிட்டு இறங்கவில்லை.

"மதில்தான் இல்லையே சார்... எதைப் பாக்க வந்தீக?"

"அன்னைக்குத் தந்தி ஆபீஸ் வாசல்ல போய் நின்னேன். அடிச்சிருந்தா மதில் நின்னிருக்கும். நீங்களும் இங்கனயே நின்னிருப்பீங்க. மனசு வரலை. நீங்க நல்லா இருக்கணும்னு போயிட்டேன். ஆனா மதுரையில அந்தத் தாளை விரிச்சா ஞாயில் தெரிய மாட்டேங்குது... குடை பிடிச்ச கைதான் தெரியுது." மூச்சு வாங்கினான். "உங்களைத்தான் பாக்க வந்தேன் சுந்தரி. நேரமாயிட்டோ?"

அவள் அழுதாள். மறைக்கத் தோன்றவில்லை.

"காலைப் பாருங்க... ரத்தம் வருது."

குனிந்தான். வருஷக்கணக்காகத் தேடியது காலடியில் முழுசாகக் கிடந்தது. கண்கள் ஒரு நொடி விரிந்தன... அவ்வளவுதான். மறுபடி அவளையே பார்த்தான்.

"ஏட்டி சுந்தரி, மழையில யார்ட்ட பேசுத?" என்றது உள்ளேயிருந்து அண்ணன் குரல்.

"பொண்ணு பாக்க வந்திருக்காக அண்ணே!"

"வெள்ளிக்கிழமைல்லா வாரோம்னாக?"

"இவுக வேற! மஞ்சப்பொடியை எடுத்துட்டு வாங்க... மாப்பிள்ளைக்குக் கால்ல அடி!"